பவனியில் ஓர் இடம்

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்துவந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அன்று வாசலை மறித்து நின்றவர்கள் தீயவர்கள் அல்லர். ஆண்டவருடைய சொல்லைக் கேட்கும் ஆர்வத்தோடு கூடிவந்த நல்ல மக்களே. தமக்குப் பின்னால் ஒருவர் படுக்கையில் காத்திருக்கிறார் என்பதை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவே அவர்களது குறை. அந்த நால்வரோ தயங்காமல் கூரையைப் பிரித்தனர்.

திருச்சபையின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு நோக்கினால், வாசலை மறித்தவர்களையும் கூரையைப் பிரித்தவர்களையும் ஒவ்வொரு தலைமுறையிலும் காணலாம். நமக்கெல்லாம் நன்கு அறிமுகமான லூர்து நகரின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு.

நோயாளருக்குத் திறந்த நகரம்

1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை அன்னை மரியா பதினெட்டு முறை காட்சியளித்தது பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு. அச்சிறுமியே ஆஸ்துமா நோயால் வருந்தியவள். 1866-இல் இரயில் பாதை அந்நகரை எட்டியது. 1873-இல் அசம்ப்ஷன் சபைத் துறவியர் பிரான்சு நாட்டுத் திருப்பயணத்தை அங்கு அழைத்துச் சென்றனர். விரைவிலேயே அந்த இரயில்களில் நோயாளர் முதலிடம் பெற்றனர். அவர்களைச் சுமக்கவும், நீராட்டவும், வண்டியில் அமர்த்தி இழுக்கவும் தன்னார்வத் தொண்டர்கள் திரண்டனர். 1885-இல் இத்தொண்டர்களுக்கென லூர்து அன்னை விருந்தோம்பல் சபை உருவாயிற்று. 1888 முதல் நற்கருணைப் பவனியின்போது நோயாளர்களை வரிசையாக அமர்த்தி ஆசி வழங்கும் வழக்கமும் நிலைபெற்றது.

காட்சியின் நூற்றாண்டையொட்டி எழுப்பப்பட்ட புனித பத்தாம் பயஸ் நிலத்தடிப் பேராலயம் 1958 மார்ச் 25 அன்று அருள்பொழிவு செய்யப்பட்டது. அதைச் செய்தவர் அப்போது வெனிசு நகரின் மறைமுதுவராக இருந்த கர்தினால் ரொங்கால்லி. அதே ஆண்டின் இறுதியில் அவரே திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் ஆனார். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கூடத்தக்க அந்த ஆலயத்திற்குள் மக்கள் சரிவுப் பாதைகளின் வழியே இறங்குகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் தூக்குப் படுக்கையில் வருபவரும் மற்றவர்கள் செல்லும் அதே வழியில் செல்கிறார்கள். கட்டடக் கலை நற்செய்தி அறிவிக்க முடியுமானால், இதுவும் ஓர் அறிவிப்பே என்போம்.

இருவருக்கு இடமில்லை

நூறு ஆண்டுகளாக நோயாளரை வரவேற்றுப் பழகிய அந்த நகரில், ஒரு சாராருக்கு மட்டும் இடமிருக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில் வட பிரான்சைச் சேர்ந்த ஒரு தம்பதியர், கடுமையான அறிவுத்திறன் குறைபாடுடைய தம் இரு புதல்வரையும் லூர்துக்கு அழைத்துச் செல்ல விரும்பினர். மறைமாவட்டத் திருப்பயணத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது மறுப்பே பதிலாக வந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, மற்றத் திருப்பயணிகளுக்கு இடையூறாக இருக்கும் என்று காரணம் சொல்லப்பட்டது. பெற்றோர் மனந்தளராமல் தனியாகவே புறப்பட்டனர். லூர்தில் அவர்களுக்கு இடம் கொடுக்க முன்வந்த விடுதியும் ஒரு நிபந்தனை விதித்தது: உணவைத் தங்கள் அறைக்குள்ளேயே உண்ண வேண்டும், பொதுக் கூடத்திற்கு வரக்கூடாது.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வண்டிகளும் தொண்டர்களும் மருத்துவரும் நிறைந்த நகரம் அது. அங்கே இந்தச் சிறுவர்களுக்கு ஏன் இடமில்லை? நோயாளரைப் பற்றி நம் உள்ளத்தில் ஒரு படம் இருக்கிறது. அவர் அமைதியாகப் படுத்திருப்பார், கைகுவித்துச் செபிப்பார், நலம் வேண்டுவார், நம் இரக்கத்தை நன்றியோடு ஏற்பார். இச்சிறுவர்களோ அந்தப் படத்திற்குள் அடங்காதவர்கள். அமைதி வேண்டிய இடத்தில் உரக்கச் சிரிப்பார்கள், அறிமுகமில்லாதவரைக் கட்டித் தழுவுவார்கள், திடீரெனக் கூச்சலிடுவார்கள். அவர்களுக்குக் குணமாக வேண்டிய காய்ச்சல் ஏதுமில்லை. அவர்கள் வேண்டியது தங்கள் இயல்போடு மற்றவர் நடுவே இருப்பது. அந்த இருப்பே மற்றவர்களுக்குக் கூச்சமாயிற்று. படிக்கட்டை இடித்துச் சரிவுப் பாதை அமைத்துவிடலாம். மனிதரின் கூச்சத்தை இடிப்பது அதனினும் கடினம்.

1971: உயிர்ப்புப் பெருவிழா

அந்தப் பெற்றோரின் வேதனை இருவருடைய செவிக்கு எட்டியது. ஒருவர் மரி-எலேன் மத்தியூ. மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைநிற்க 1963-இல் பாரிசில் ஒரு கிறிஸ்தவ அலுவலகத்தைத் தொடங்கியவர். மற்றவர் கனடா நாட்டுப் பொதுநிலையினரான ஜான் வனியே. 1964-இல் பிரான்சின் துரோஸ்லி என்ற சிற்றூரில், அறிவுத்திறன் குறைபாடுடைய இருவரோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கியவர். 'பேழை' என்று பொருள்படும் லார்ஷ் இல்லங்களின் தொடக்கம் அதுவே.

இவர்கள் எடுத்த முடிவு ஆழ்ந்த பொருளுடையது. விலக்கப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு திருப்பயணம் நடத்தினால், அது இன்னொரு விலக்கலாகவே முடியும். ஆகவே மாற்றுத்திறனாளிகள் தம் பெற்றோருடனும் நண்பர்களுடனும், சிறப்பாக இளைஞர்களுடனும் சேர்ந்தே வரவேண்டும் என்று அவர்கள் வகுத்தனர். புறப்படுவதற்கு முன்பே ஊர்தோறும் சிறு குழுக்கள் கூடின. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த பிறகே பயணம் என்பது முறையாயிற்று. இதற்கென ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்தனர்.

1971 ஏப்ரலில், பெரிய வெள்ளி முதல் உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள் வரை, பன்னிரண்டாயிரம் திருப்பயணிகள் லூர்தில் கூடினர். அவர்களுள் நாலாயிரம் பேர் அறிவுத்திறன் குறைபாடுடையோர். பதினைந்து நாடுகளிலிருந்து அவர்கள் வந்திருந்தனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தை அறைக்குள் உண்ணச் சொன்ன நகரத்தில், இப்போது திறந்த வெளியில் அவர்கள் பாடினர், ஆடினர், உயிர்த்த ஆண்டவரைக் கொண்டாடினர். மகனை வெளியே அழைத்துச் செல்லக் கூசிய தந்தையரும், இது தங்கள் பாவத்தின் தண்டனையோ என்று இரவெல்லாம் அழுத தாயரும் தங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோரைக் கண்டனர். குணமடைதல் என்று சொல்லத்தக்கது அங்கு ஏதேனும் நிகழ்ந்திருந்தால், அது முதலில் பெற்றோரின் உள்ளங்களிலேயே நிகழ்ந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

ஒருமுறை நடத்தி முடிப்பதாகவே அந்தத் திருப்பயணம் திட்டமிடப்பட்டிருந்தது. ஆனால் ஊர் திரும்பிய குழுக்கள் கலைய மறுத்தன. 'நம்பிக்கையும் ஒளியும்' என்ற இயக்கம் இவ்வாறு பிறந்தது. ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழுமங்கள்; மாதம் ஒருமுறையேனும் சந்திப்பு; உரையாடல், செபம், விருந்து, விளையாட்டு; இடையிடையே சிற்றுலாவும் விடுமுறை முகாமும். இவ்வளவே அதன் நடைமுறை. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் இக்குழுமங்கள் உள்ளன. மரத்தடியில் கூடி உண்ணும் ஒரு சிற்றுலாவில் பெரிதாக என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். பிறர் பார்வைக்கு அஞ்சி, பிள்ளையோடு பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட ஒரு தாயைக் கேட்டால் விடை கிடைக்கும்.

மறைக்கக் கூடாத உண்மை

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வாழும் காலத்திலேயே புனிதர் எனப் பலர் போற்றிய ஜான் வனியே 2019 மே 7 அன்று காலமானார். ஆன்மீக வழிகாட்டுதல் என்ற போர்வையில் 1970 முதல் 2005 வரை அவர் ஆறு பெண்களைப் பாலியல் வகையில் சுரண்டினார் என்பதை, லார்ஷ் அமைப்பே 2020 பிப்ரவரியில் உலகிற்கு அறிவித்தது. 2023 ஜனவரியில் வெளியான விரிவான ஆய்வு, அவ்வாறு பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது இருபத்தைவர் என்று கண்டது. அவர்கள் அறிவுத்திறன் குறைபாடுடையோர் அல்லர். ஆயினும் அவர்கள் பட்ட துன்பம் அதனால் குறைந்துவிடாது.

பெங்களூரில் 1970-இலும் பின்னர் சென்னையிலும் 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் லார்ஷ் இல்லங்கள் தோன்றியதால், இச்செய்தி நமக்கும் அண்மையானதே. நாம் கற்கவேண்டியவை இரண்டு. எளியோரை வரவேற்கும் இடத்தில் எவரையும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக வைத்தல் தகாது. அன்பு இருக்குமிடத்தில் காவலும் கண்காணிப்பும் வேண்டும். அடுத்து, 1971-இன் அருள் ஒரு தனிமனிதரின் உடைமையன்று. தம் புதல்வரோடு தனியாகப் புறப்பட்ட அந்தப் பெற்றோருக்கும், ஆடிப்பாடிய அந்த நாலாயிரம் பேருக்கும் உரியது அது.

சட்டமும் கடற்கரையும்

திருச்சபைக்குள் எழுந்த இந்த விழிப்புக்கு இணையாக உலக அரங்கிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, பண்பாடு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்குபெறுவதை உரிமையென்றே கூறுகிறது. இந்தியா அதை 2007-இல் ஏற்றது. 2016-இல் அதற்கிசைந்த சட்டமும் இயற்றப்பட்டது. உணவும் மருந்தும் தந்தால் கடமை முடிந்தது என்ற எண்ணத்தை இவை திருத்துகின்றன. கடலைக் காண்பதும் திருவிழாவில் நிற்பதும் மனித வாழ்வின் பகுதியே.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிகள் அலையோரம் வரை செல்வதற்கென 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது சீர்செய்யப்பட்டது. பாதை அமைத்தல் ஒருநாளில் முடியும் பணியன்று என்பதை அப்புயலும் நமக்கு உணர்த்திற்று.

நம் பங்குகளில்

லூர்து அன்னையின் கெபி இல்லாத பங்கு நம்மிடையே அரிது. ஆனால் அந்தக் கெபிக்கு ஏறும் படிகளின் அருகே ஒரு சரிவுப் பாதை உண்டா? ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் சரிவு அமைந்தால் சக்கர நாற்காலி எளிதாக ஏறும். இரண்டு அடி உயர வாசலுக்கு இருபத்துநான்கு அடி. வெள்ளிவிழாவுக்கு வளைவும் மின்விளக்கும் அமைக்கும் பங்குகளுக்கு இது பெருஞ்செலவன்று.

கல்லால் ஆன தடை நீங்கியபின் மற்றொன்று எஞ்சும். பிள்ளை குரலெழுப்பியவுடன் கடைசி இருக்கையிலிருந்து எழுந்து வெளியேறும் தாய் நம் ஞாயிறு திருப்பலிகளில் இல்லையா? நாம் திரும்பிப் பார்க்கும் பார்வையே அவரை எழச் செய்கிறது. மறைக்கல்விச் சிறுவரின் சிற்றுலாப் பட்டியலில் அப்பிள்ளையின் பெயர் உண்டா? புதுநன்மை பெறும் வரிசையில் அவனுக்கு இடம் உண்டா? அன்பியக் கூட்டம் அவன் வீட்டில் நடந்ததுண்டா? தேர்ப்பவனியில் அவன் கையில் ஒரு மெழுகுதிரி கொடுக்கப்பட்டதுண்டா?

விருந்து வைக்கும்போது உறுப்புக் குறையுள்ளோரையும் பார்வையற்றோரையும் அழைக்குமாறு ஆண்டவர் பணித்ததை லூக்கா எழுதியிருக்கிறார். விருந்து முடிந்தபின் மிச்சத்தைக் கொடுத்தனுப்பும்படி அவர் சொல்லவில்லை. பந்தியில் அமரும்படி அழைக்கச் சொன்னார். அடுத்த பங்குத் திருவிழாவின் பணிகளைப் பிரித்துக்கொள்ள நாம் கூடும்போது, இதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களின் பெயர்களையும் எழுதிக்கொள்வோம். அவர்களது வீட்டிற்குச் சென்று, பெயர் சொல்லி அழைத்து வருவோம்.