ராமநாதன், வீரபத்திரன்

வீரபத்திரன் ராமநாதன் (பி. 1944) இந்திய அமெரிக்க வளிமண்டல அறிவியலாளர். காற்று மாசும் புவி வெப்பமாதலும் ஒரே சிக்கலின் இரு முகங்கள் என்பதை அளந்து காட்டியவர்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965இல் பொறியியல் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனமொன்றில் சேர்ந்தார். பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. குளோரோஃபுளோரோகார்பன் வகையைச் சேர்ந்த அந்த வாயுவே பின்னர் அவர் பெயரை நிலைநாட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் படிப்பை முடித்தபின், அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்ந்து 1974இல் முனைவர் பட்டம் பெற்றார்.

குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் அதே ஆண்டு எழுதினர். அவை வெப்பத்தை என்ன செய்யும் என்று கேட்டவர் ராமநாதன். தரையிலிருந்து எழும் அகச்சிவப்பு வெப்பத்தில் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைகளை நீராவியும் கரியமில வாயுவும் பெரிதும் தடுப்பதில்லை. அது வானுக்குத் திறந்த சாளரம். அந்தச் சாளரத்தைத்தான் குளோரோஃபுளோரோகார்பன் அடைக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஏறத்தாழ 10,000 மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார். கரியமில வாயுவை மட்டும் கணக்கிட்டால் போதும் என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

1999இல் வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனுடன் சேர்ந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வில், தெற்காசியாவுக்கும் வட இந்தியப் பெருங்கடலுக்கும் மேலே ஏறத்தாழ 3 கி.மீ. தடிமனில் பழுப்புப் புகைப்படலம் தெரியவந்தது. ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற பெயருக்கு இந்தியாவில் எதிர்ப்பு எழவே, ‘வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்’ என மாற்றினர், அளவீடுகள் மாறவில்லை. 2006இல் மாலத்தீவில் ஆளில்லா விமானங்களை மேகத்தின் மேலும் உள்ளும் கீழும் பறக்கவிட்டு, அதிலுள்ள கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவதை நேரடியாக அளந்தார். கரித்துகள் காற்றில் தங்குவது சில நாள்களே; எனவே டீசல் எஞ்சினிலும் விறகடுப்பிலும் புகையைக் குறைத்தால் பலன் விரைவில் கிடைக்கும். இந்த நோக்கத்துடன் தொடங்கியதே, வட இந்தியக் கிராமங்களில் புகை குறைந்த அடுப்புகளைப் பரப்பிய ‘சூர்யா’ திட்டம்.

1990 முதல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றினார். அவர் ஆராய்ந்த குளோரோஃபுளோரோகார்பனுக்கு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பனும் வெப்பத்தைக் கூட்டுவதால், ஓசோனைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் அதைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி திருத்தம் 2016இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2021இல் அதற்கு ஒப்புதல் அளித்தது.