நாயின் இதயமும் தூத்துக்குடி கனநீரும்

முத்துக் குளிப்பில் ஒரு பழைய சங்கடம் உண்டு. சிப்பிக்குள் முத்து இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் சிப்பியைத் திறக்க வேண்டும், திறந்தால் சிப்பி செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்யக்கூட முதலில் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களுக்கு விலை போட்டுப் பார்ப்பார்கள். எக்ஸ்-ரே வந்த பிறகு சிப்பியைத் திறக்காமலே பார்க்கும் முயற்சி இலங்கைப் பக்கம் நடந்தது. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ல்.

இதயத்தை ஆராய்ந்தவர்களுக்கும் இதே சங்கடம்தான். அவர்களுக்குச் சிப்பியாக வாய்த்தது நாய். அளவில் பெரிய இதயம், பழகிய குணம், எளிதில் கிடைக்கும். மார்பைத் திறந்து, ரத்தக் குழாயில் கருவியைக் கட்டி அளப்பார்கள். பெரும்பாலும் அந்த நாய் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்காது.

திறக்காமல் அளக்கும் வழி 1920-களின் நடுவில் பாஸ்டனில் தொடங்கியது. ஹெர்மன் ப்ளம்கார்ட் என்ற மருத்துவர், ரேடான் வாயுவிலிருந்து உண்டாகும் கதிரியக்கப் பொருளை உப்புக் கரைசலில் கலந்து ஒரு கையில் ஊசி போட்டு, அது மறு கைக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டார். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்குச் சுமார் 18 விநாடி. இதயம் பலவீனமானவர்களுக்கு அதிக நேரம். இவ்வளவுதான் விஷயம், ஆனால் கத்தியே படவில்லை பாருங்கள்!

அதன்பின் மூன்று பொருட்கள் ஒன்று சேர வேண்டியிருந்தது. 1937-ல் இத்தாலியில் செக்ரேயும் பெரியரும் கண்டுபிடித்த டெக்னீசியம். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகம் செய்த டெக்னீசியம் ஜெனரேட்டர். அதே காலத்தில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமரா. 1971-ல் ஸ்ட்ராஸ், ஸாரெட், பிட் முதலானோர் இவற்றைக் கொண்டு, இதயம் நிறைந்த கணத்தையும் சுருங்கிய கணத்தையும் தனித்தனியே படமெடுத்து, ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது என்று கணித்தார்கள். (அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் நடராஜன் என்றும் ஒரு பெயர் இருக்கிறது!)

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கணக்கு இன்னும் சுலபமானது. சிவப்பணுக்களில் டெக்னீசியத்தை ஒட்டிவிட்டால் ரத்தம் இருக்குமிடமெல்லாம் காமா கதிர் வரும். இ.சி.ஜி. சமிக்ஞையை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் பல துண்டுகளாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவார்கள். இதயம் நிறைந்தபோது 1,000 எண்ணிக்கை, சுருங்கியபோது 400 என்றால் வெளியே போனது 60 சதவீதம். பி.காம். படிப்பவர்களுக்குச் சொல்வதானால், ஆரம்ப இருப்பிலிருந்து இறுதி இருப்பைக் கழிப்பதுதான்.

நாய்களின் பங்கில் மறக்கக் கூடாதது 1974-ல் வெளிவந்த லான்ஸ் கூல்டின் ஆய்வு. நாயின் இதயத்துக்கு ரத்தம் தரும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்த்தார்கள். குழாயின் விட்டம் சுமார் 85 சதவீதம் குறுகும் வரை, ஓய்வில் இருக்கும்போது ரத்த ஓட்டம் குறையவே இல்லை! ஆனால் மருந்து கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்கு ஏற்றினால், 30 முதல் 45 சதவீத அடைப்பிலேயே குறை தெரிய ஆரம்பித்தது. இன்று மனிதர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டோ, மருந்து கொடுத்தோ இதயத்தை ஸ்கேன் செய்வதற்கு அடிப்படை இதுதான். சும்மா படுத்திருப்பவரின் இதயம் பொய் சொல்லும் என்பதை அந்த நாய்கள் காட்டின. நன்றி சொல்ல ஒரு நாயின் பெயர்கூடப் பதிவில் இல்லை.

ஸ்கேன் வந்ததால் நாய்களுக்கும் ஒரு லாபம். ஒரே நாயை இன்றும் அடுத்த மாதமும் உயிரோடு அளக்கலாம், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நாய் சாக வேண்டியதில்லை. ஆனால் கால்நடை மருத்துவமனைகளில் இந்த முறை பரவவில்லை. மயக்க மருந்து வேண்டும், கதிரியக்கம் தணியும் வரை நாயைத் தனியாக வைக்க வேண்டும். எக்கோ எளிது, அதுவே ஜெயித்தது.

சரி, தூத்துக்குடி எங்கே வருகிறது?

டெக்னீசியம் ஒரு விசித்திரமான சரக்கு. 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். குடோனில் போட்டு வைத்து விலை ஏறும்போது விற்கும் பேச்சே இல்லை. அதனால் அதன் தாய்ப் பொருளான மாலிப்டினம்-99-ஐ ஜெனரேட்டரில் வைத்து அனுப்புவார்கள், மருத்துவமனை வேண்டும்போதெல்லாம் அதிலிருந்து டெக்னீசியத்தைக் 'கறந்து' கொள்ளும். ஆனால் தாயும் தேய்கிறது, 66 மணிக்குப் பாதி. திங்கள் காலை 6 மணிக்கு 100 ரூபாய்ச் சரக்கு, புதன் நள்ளிரவில் 50 ரூபாய். தேய்மானப் பாடத்தில் வரும் குறைந்து செல் மதிப்பு முறைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

மாலிப்டினம்-99 அணு உலையில் தயாராவது. மருத்துவ ஐசோடோப்புகள் தயாரிக்கும் டிராம்பேயின் த்ருவா உலை 1985-ல் இயங்கத் தொடங்கியது. அதற்குக் கனநீர் வேண்டும். இந்தியாவின் கனநீர் ஆலைகளில் ஒன்று தூத்துக்குடியில் ஸ்பிக் உரத் தொழிற்சாலையை ஒட்டி 1978-ல் தொடங்கியது. கடலோரத்தில் இருப்பதால் கடல் நீரிலிருந்து எடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அம்மோனியா தயாரிக்க ஸ்பிக்கில் இருந்த ஹைட்ரஜன் வாயுவிலிருந்துதான் டியூட்டீரியத்தைப் பிரித்தார்கள். இயற்கையில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் அது. ஆயிரக்கணக்கான சிப்பிகளைப் புரட்டி ஒரு நல்ல முத்தைத் தேடிய ஊருக்குப் பொருத்தமான தொழில்தான்!

இந்தச் சங்கிலி எவ்வளவு மெலிதானது என்பது 2009 மே மாதம் தெரிந்தது. கனடாவின் சாக் ரிவர் உலை கசிவினால் நின்றது. உலகின் மாலிப்டினம்-99 தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே உலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. 2010 ஆகஸ்டில்தான் அந்த உலை மீண்டும் ஓடியது, 2018 மார்ச்சில் நிரந்தரமாக மூடப்பட்டது.