கொக்கலை விமானத்தளம்

கொக்கலை விமானத்தளம் இலங்கையின் தென்கரையில், காலி நகருக்குக் கிழக்கே கொக்கலை ஏரிக்கரையில் இருந்த பிரிட்டிஷ் அரச விமானப்படையின் தளம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீரில் இறங்கும் விமானங்களுக்காக அமைக்கப்பட்டது. ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதை முதலில் கண்டறிந்த விமானம் இங்கிருந்துதான் சென்றது. இத்தளத்துக்காக ஒரு பழைய ஊர் இடிக்கப்பட்டது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது.

அமைவிடம்

கன்னியாகுமரிக்குத் தென்கிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தொலைவில் கொக்கலை உள்ளது. குமரிமுனையிலிருந்து அளந்தால் சென்னையைவிடக் கொக்கலை மிக அருகில் இருக்கிறது. 1942-ல் நாஞ்சில் நாட்டுக்குத் தெற்கே விரிந்த கடலைக் கண்காணித்த தளங்களில் இதுவும் ஒன்று.

கொக்கலை ஏரி கடலை ஒட்டிய உப்பங்கழி. மணல்திட்டு ஒன்று அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தாலும் ஏரிநீர் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். கட்டலீனா போன்ற ‘பறக்கும் படகு’களுக்கு இதுவே தேவையாக இருந்தது. இவற்றின் அடிப்பகுதி படகைப் போன்றது. நீரின்மேல் ஓடி மேலெழும், நீரிலேயே இறங்கும். எரிபொருளும் ஆட்களும் சிறு படகுகளில் சென்று விமானத்தை அடைய வேண்டும். சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலும் போர்க்காலத்தில் இத்தகைய தளம் ஒன்று செயல்பட்டது.

1942 ஏப்ரல் 4

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் ஜப்பானியர் வசமாயின. அடுத்த இலக்கு இலங்கை என்ற அச்சத்தில் கொக்கலைக்கு விமானங்கள் விரைந்து அனுப்பப்பட்டன. கனடாவின் 413-ஆம் படையணி ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்டு தீவுகளிலிருந்து வந்தது. அதன் அதிகாரி லியோனார்ட் பர்ச்சால் ஏப்ரல் 2 அன்று கொக்கலையில் இறங்கினார்.

ஏப்ரல் 4 அதிகாலையில் பர்ச்சாலும் எட்டுப் பேரும் கட்டலீனா விமானம் ஒன்றில் ரோந்து புறப்பட்டனர். இலங்கைக்குத் தெற்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவில், ரோந்து முடியும் வேளையில், அடிவானத்தில் கப்பல்கள் தென்பட்டன. நெருங்கிப் பார்த்தபோது அது தளபதி நகுமோவின் பெரும் கப்பற்படை எனத் தெரிந்தது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அதில் இருந்தன. கட்டலீனா மெதுவாகச் செல்லும் விமானம், ஜப்பானியப் போர்விமானங்களிடமிருந்து அதனால் தப்ப இயலாது. கப்பற்படையின் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வானொலிக் கருவி சிதைக்கப்பட்டது. விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர் பிழைத்து ஜப்பானியரிடம் போர்க்கைதிகளாயினர்.

ஆயினும் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேற்றப்பட்டன. மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று நடந்த தாக்குதலில் கொழும்பு சேதமடைந்தது, ஆனால் துறைமுகம் முற்றாக அழியவில்லை. டார்செட்சயர், கார்ன்வால் ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அன்றே நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இதற்கிடையே ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த வாரத்தில் சென்னை நகர மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர்.

இலங்கையைக் காத்தவர் என்ற பெயர் பர்ச்சாலுக்கு நிலைத்தது. போர் முடியும்வரை ஜப்பானில் சிறையிருந்தார். சக கைதிகளுக்காக முகாம் அதிகாரிகளை எதிர்த்து நின்று பலமுறை தண்டனை பெற்றார். 2004-ல் காலமானார்.

இரண்டு சூரியோதயம்

ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழியைச் சிங்கப்பூரின் வீழ்ச்சி துண்டித்திருந்தது. அதை மீட்க 1943 நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே கட்டலீனா சேவையைத் தொடங்கியது. வழியில் எங்கும் இறங்காமல் இந்தியப் பெருங்கடலைக் கடக்க ஏறத்தாழ 27 முதல் 32 மணி நேரம் ஆனது. பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். அதுவே அச்சேவைக்குப் பெயராயிற்று.

எடையில் பெரும்பகுதியை எரிபொருளே எடுத்துக்கொண்டதால் மூன்று பயணிகளுக்கும் சுமார் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம் இருந்தது. ஜப்பானியர் அறியாதிருக்க வானொலி மௌனம் காக்கப்பட்டது. விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். ஐந்து விமானங்களுக்கும் வேகா, ரைகல், ஸ்பைகா முதலிய விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டன. ஸ்பைகா தமிழர் சித்திரை என்று அழைக்கும் நட்சத்திரம். 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தும் இச்சேவையில் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை.

இடிக்கப்பட்ட ஊர்

விமானத்தளம் அமைந்த இடம் வெற்று நிலமல்ல. தென்னந்தோப்புகளும் வீடுகளும் நிறைந்த ஊர். போர்த்தேவை என்று நிலம் எடுக்கப்பட்டு, மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. மார்ட்டின் விக்கிரமசிங்க 1890-ல் பிறந்த வீடு மட்டும், விமானப்படை அதிகாரிகளின் பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டதால் தப்பியது.

விக்கிரமசிங்க கொக்கலையின் வாழ்க்கையை விவரிக்கும் ‘அபே கம’ (எங்கள் ஊர்) என்ற நூலை 1940-ல் வெளியிட்டிருந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த ஊர் இல்லாமலாயிற்று. கொக்கலை ராணுவத்தின் வசம் இருந்த 1944-ல் அவருடைய புகழ்பெற்ற நாவல் ‘கம்பெரலிய’ வந்தது. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றின் பழைய வாழ்க்கை குலைவதைச் சொல்லும் இந்நாவலைக் ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் எம். எம். உவைஸ் தமிழாக்கினார். விமானிகளின் நினைவுகள் படையணிக் குறிப்பேடுகளிலும் விருதுப் பட்டியல்களிலும் பதிவாயின. வெளியேற்றப்பட்டவர்களின் ஊர் பெரும்பாலும் இந்த எழுத்துகளில்தான் எஞ்சியுள்ளது.

இன்றைய நிலை

1942 ஜூலையில் கொக்கலையில் மீண்டும் உருவாக்கப்பட்ட 205-ஆம் படையணி 1949-ல் சிங்கப்பூருக்கு மாறியது. பின்னர் பிரிட்டிஷ் தளம் முற்றிலும் மூடப்பட்டது. ஓடுபாதை இப்போது இலங்கை விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. அருகே 1991-ல் ஏற்றுமதித் தொழில் வலயம் அமைந்தது. விக்கிரமசிங்கவின் வீட்டைச் சூழ்ந்து 1981 முதல் நாட்டார் கலை அருங்காட்சியகம் செயல்படுகிறது. ஏர், மீன்பிடிக் கருவிகள், பாத்திரங்கள் என அந்த வட்டாரத்தின் அன்றாடப் பொருட்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. 1976-ல் மறைந்த எழுத்தாளரின் நினைவிடமும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

தமிழ்நாட்டிலும் கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் ஆகிய இடங்களில் அதே போர்க்காலத்து ஓடுபாதைகள் இருந்தன. அவற்றுக்காக நிலம் கொடுத்தவர்களையும் அங்கே கல் சுமந்தவர்களையும் நேரில் அறிந்த தலைமுறை இன்று எண்பதைக் கடந்துவிட்டது. அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதற்கு இனி அதிக காலம் இல்லை.