எறும்பியூர் மலையும் ஆழித்தேரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூரைக் கடப்பவர்களுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, சிறு குன்றின் உச்சியில் நிற்கும் எறும்பீசுவரர் கோயில். மற்றொன்று, பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை. மக்கள் வழக்கில் 'பெல்'. முன்னது அப்பர் பெருமானின் இரண்டு பதிகங்களைப் பெற்ற தலம். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் முற்சோழர் காலக் கற்றளி. பின்னது 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி கொண்ட இவ்விரண்டையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவர முடியுமா? முடியும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவற்றை இணைப்பது பக்தியன்று, பொறியியலும் அன்று; விசை என்னும் ஒற்றைச் சொல்.

முதலில் மலையேறுவோம். குன்றின் உயரம் சுமார் அறுபது அடி. மேலே கருவறையில் இருக்கும் இறைத்திருமேனி மற்றத் தலங்களில் காண்பது போன்ற வழவழப்பான கல் இலிங்கம் அன்று. புற்று மண்ணாலானது, சற்றே ஒருபுறம் சாய்ந்தது. இந்தச் சாய்வுக்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. தாரகன் என்னும் அசுரனின் கொடுமைக்கு அஞ்சிய தேவர்கள், அவன் கண்ணில் படாமலிருக்க எறும்பு வடிவெடுத்து இங்கு வழிபட வந்தார்களாம். இலிங்கமோ எண்ணெய்ப் பசையோடு இருந்தது. ஏற முயன்ற எறும்புகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. அதைக் கண்ட பெருமான் புற்று மண்ணாகத் தம் மேனியைச் சொரசொரப்பாக்கிக் கொண்டார். அத்தோடு எறும்புகள் ஏறுவதற்கு வாகாகச் சற்றுச் சாய்ந்தும் கொடுத்தார்.

அருளைப் பேச வந்த கதைதான் இது. ஆனால் அருள் எந்த வடிவில் வந்தது என்று பாருங்கள். எறும்புகளுக்குச் சிறகு முளைக்கவில்லை. வானத்திலிருந்து கை நீண்டு அவற்றைத் தூக்கிவிடவுமில்லை. வழுக்கிய பரப்பு சொரசொரப்பானது, செங்குத்து சரிவானது. ஏறுபவரின் துன்பம் நீங்க வேண்டுமானால் மாற்ற வேண்டியவை இவ்விரண்டே என்று கதை கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய இயற்பியலும் இதையே வேறு மொழியில் கூறுகிறது. சரிவில் நிற்கும் பொருளின் எடையில் ஒரு பகுதி அதைக் கீழ்நோக்கி இழுக்கும். மற்றொரு பகுதி பரப்பின்மேல் அழுத்தும். அந்த அழுத்தத்திலிருந்து பிறப்பது உராய்வு. அது சறுக்கலைத் தடுக்கும். சரிவு செங்குத்தாக ஆக இழுப்பு கூடும், பிடிப்பு குறையும். ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் பொருள் நிற்காது. களத்தில் நெல்லைக் குவிப்பவர்கள் இதை நாள்தோறும் காண்கிறார்கள். எத்தனை மரக்கால் கொட்டினாலும் குவியல் அகலமாகுமே தவிர, அதன் சரிவு ஏறக்குறைய மாறுவதில்லை. நெல்மணிக்கும் நெல்மணிக்கும் இடையிலுள்ள உராய்வு அனுமதிக்கும் எல்லை அவ்வளவுதான். எண்ணெய் இந்த எல்லையைக் குறைக்கும். மண் அதனைக் கூட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'உராய்வு விதியை நம் முன்னோர் அன்றே தலபுராணத்தில் எழுதிவைத்துவிட்டனர்' என்று யாரேனும் இந்தக் கதையைக் கொண்டு முழங்கினால் நாம் உடன்படப் போவதில்லை. புராணம் புராணமே, பாடநூல் அன்று. உராய்வு சுமைக்கு ஏற்ப இருக்கும், தொடும் பரப்பின் அளவைச் சார்ந்திராது என்ற விதியைப் பிரான்சு நாட்டின் அமோந்தோன் 1699ல் வெளியிட்டார். இயக்கத்தின் மூன்று விதிகளையும் நியூட்டன் 1687ல் நூலாக்கினார். அவ்வாண்டில் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு மதுரை நாட்டை ஆண்டவர் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர். அவர் ஆட்சியிலும் எறும்பியூர் மலையில் மக்கள் வழுக்காமல் ஏறினார்கள், தேர்கள் ஓடின, பாரவண்டிகள் சுமை சுமந்தன. விதி தெரியாமலே விசையோடு வாழ்வது மனித குலம் முழுமைக்கும் பொதுவான அனுபவம். அப்படியானால் விதி எதற்கு? இக்கேள்விக்கு விடை தேடித்தான் திருவெறும்பூரிலிருந்து கிழக்கே, தஞ்சையும் தாண்டி, திருவாரூர் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

எறும்பியூரில் ஏற முடியாத எறும்புகளின் கதை என்றால், ஆரூரில் நிற்க முடியாத தேரின் கதை. அரசிளங்குமரன் தேரேறி வருகிறான். கன்று ஒன்று குறுக்கே பாய்கிறது. சக்கரத்தில் சிக்கி மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டு நீதி வழங்குகிறான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் ஊர்ப் பெருமையாகக் குறிப்பிடுவதும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் ஆரூரை நிலைக்களனாகக் கொண்டு விரித்துரைப்பதும் இந்த நிகழ்ச்சியைத்தான். நாம் காலங்காலமாக இதில் நீதியைப் பார்த்து வந்திருக்கிறோம், அது சரியே. ஆனால் கதையின் தொடக்கத்தில் இருப்பது நீதியன்று, நிலைமம். ஓடும் தேர் ஓடிக்கொண்டே இருக்க முனையும். நிறுத்துவதற்கு ஒரு விசை வேண்டும். அந்த விசை செயல்பட இடமும் நேரமும் வேண்டும். கன்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவை இரண்டும் இல்லாமற் போயின.

ஆரூருக்கும் தேருக்குமான உறவு மிகப் பழையது. அப்பரின் ஆரூர்ப் பதிகம் ஒன்றிலேயே ஆழித்தேர் என்ற சொல்லாட்சி வருகிறது. அவர் சொன்ன தேரும் இன்று நாம் காணும் தேரும் ஒன்றே என்று கொள்ள முடியாது. ஆனால் பெயர் தொடர்ந்து வந்திருக்கிறது. அலங்கரித்த நிலையில் ஆழித்தேரின் உயரம் 96 அடி என்றும் எடை ஏறத்தாழ 300 டன் என்றும் கூறுவர். பழைய தேர் 1926ல் தீக்கிரையானது. புதிய தேர் 1930ல் ஓடியது. 1948க்குப் பிறகு ஓட்டம் நின்றுபோய், 1970ல்தான் மீண்டும் வடம் பிடிக்கப்பட்டது.

தேரோட்டத்தை ஒருமுறையேனும் கண்டவர்கள் இயக்க விதிகள் மூன்றையும் கண்டவர்களே. வடத்தில் நூற்றுக்கணக்கானோர் கைவைத்து இழுக்கிறார்கள், தேர் அசைவதில்லை. பின்னாலிருந்து பெருந்தடிகளால் சக்கரங்களை நெம்புகிறார்கள். ஒரு முனகலோடு தேர் நகர்கிறது. நகர்ந்தபின் முன்போல அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. தொடங்குவதுதான் கடினம், தொடர்வது எளிது. சுமையில் நூற்றுக்கு மூன்று பங்கு இழுவிசை தேரை உருட்டிச் செல்லப் போதும் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 300 டன்னுக்கு 9 டன். ஒருவர் முப்பது கிலோ எடைக்கு நிகரான இழுப்பைத் தந்தால் முந்நூறு பேர் வேண்டும். ஊர்கூடித் தேரிழுத்தல் என்பது வெறும் சொல்லணி அன்று. கூட்டிப் பார்த்தாலும் ஓர் ஊர்தான் வருகிறது. அந்த முந்நூறு பேரும் தேரை இழுக்கிறார்கள் என்று நாம் சொன்னாலும், அவர்கள் பாதங்கள் தெருவைப் பின்னோக்கி உதைப்பதும், தெரு அவர்களை முன்னோக்கித் தள்ளுவதுமே உண்மையில் நடக்கிறது. மழை பெய்து தெரு சேறானால் எத்தனை பேர் கூடினாலும் பயனில்லை. எறும்பியூர் எறும்புகளின் அதே சங்கடம்.

முக்குகளில் கதை தலைகீழாகிவிடும். நேராக உருளும் சக்கரங்களைத் தெரு முனையில் பக்கவாட்டில் திருப்பியாக வேண்டும். அங்கே உராய்வே பகை. ஆகவே இரும்புத் தகடுகளைப் பரப்பி, மசகு பூசி, சக்கரங்களை வழுக்கச் செய்து தேரைத் திருப்புகிறார்கள். எறும்பியூர்க் கதையில் இடரான எண்ணெய், ஆரூர்த் தெருமுனையில் துணை. உராய்வு நல்லதுமன்று கெட்டதுமன்று; எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அறிவதே கலை.

தேரை நகர்த்துவதைவிட நிறுத்துவது அரிய வேலை. அதற்கு மரபில் இருந்த கருவி முட்டுக்கட்டை. எந்தச் செயலையும் தடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று ஏசுகிறோமே, அந்தப் பழிச்சொல்லின் பிறப்பிடம் தேர்க்காலடிதான். அங்கே அது பழிக்குரியதன்று, உயிர்காப்பது. உருளும் சக்கரத்தின் முன் ஆப்பு வடிவக் கட்டையைச் சரியான நொடியில், சரியான கோணத்தில் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். கண் தவறினால் கட்டை நழுவும். கை தவறினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேருக்குமேல் நின்று கொடி அசைப்பவரை ஊர் அறியும். சக்கரத்தருகே குனிந்தபடி நடந்து வருபவரின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் நாம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அவர் எதிர்கொண்டது எத்தகைய விசை? கணக்கிடலாம். 300 டன் தேர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், அதாவது மெல்ல நடக்கும் மனிதனினும் மெதுவாக நகர்கிறது என்போம். அதிலுள்ள இயக்க ஆற்றல் ஒன்றும் பெரிதன்று. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் எறும்பியூர்க் குன்றை மூன்றரை முறை ஏறுவதற்குத் தேவையான ஆற்றல்தான். ஆனால் அதை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது சிக்கல். அரை மீட்டருக்குள் நிறுத்த ஏழரை டன் எடைக்கு மேற்பட்ட எதிர்விசை வேண்டும். ஒரு சாண் கூட இல்லாத பத்து சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் முப்பத்தெட்டு டன். முட்டுக்கட்டைகள் ஏன் நசுங்குகின்றன, மர அச்சுகள் ஏன் முறிகின்றன என்பதற்கு விளக்கம் இதுவே. ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் தேரைக் கண்ட ஐரோப்பியர்கள், எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் தடுக்கவியலாத பேராற்றலுக்கு 'ஜகர்நாட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லையே உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்கள் எழுதியவற்றில் மிகை உண்டு. அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அச்சு முறிவதைப் பற்றித் தமிழில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மயிற்பீலியேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவரின் உவமையை (475) நாம் பள்ளியிலேயே படித்தவர்கள். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் அது இடம்பெற்றிருப்பது பொருத்தமானது. ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை வள்ளுவர் சொல்லிவிட்டார். எல்லை எவ்வளவு என்பதை? அதைச் சொல்வது குறளின் வேலையன்று. தச்சர்கள் அதை அறிந்திருந்தார்கள், முறிந்த அச்சுகளின் வாயிலாக.

திருவெறும்பூரின் இரண்டாவது அடையாளம் இங்கேதான் வரலாற்றில் நுழைகிறது. ஆழித்தேருக்கு இரும்பு அச்சுகளையும் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தித் தந்தது திருச்சி பெல் நிறுவனம். தமிழகத்தின் வேறு பல கோயில் தேர்களும் அங்கே உருவான அச்சுகளிலும் சக்கரங்களிலும் ஓடுகின்றன. உயர் அழுத்த நீராவியைக் கொதிகலனுக்குள் அடக்கி வைக்கக் கற்றவர்களிடம், உருளும் தேரை அடக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கலின் விதிதான் அந்த பிரேக்கின் அடிப்படை. சிறிய உருளையில் தரும் சிறு விசை, பெரிய உருளையில் பெருவிசையாகிச் சக்கரத்தைப் பற்றுகிறது. ஒரே அடியில் மோதி நிறுத்தாமல், சிறுகச் சிறுகப் பிடித்து நிறுத்துகிறது. முட்டுக்கட்டை மறைந்துவிடவில்லை, தேரைத் திசைமாற்றவும் நிலைநிறுத்தவும் இன்றும் அது வேண்டும். ஆனால் முழுச் சுமையும் அந்தக் கட்டையின் மேலும், அதைச் செருகும் கையின் மேலும் விழுவது குறைந்திருக்கிறது.

விதி எதற்கு என்ற கேள்விக்கு விடை இதுதான் என்று நாம் கருதுகிறோம். பட்டறிவும் உண்மையான அறிவே. எறும்பு ஏறும் சரிவையும், தேர் திரும்பும் முக்கையும், அச்சு தாங்கும் சுமையையும் அது நன்றாகவே அறிந்திருந்தது. அந்த அறிவில்லாமல் இத்தனை நூற்றாண்டுகள் ஒரு தேரும் நிலைக்கு வந்திருக்காது. ஆனால் பட்டறிவு என்ற சொல்லிலேயே அதன் விலையும் இருக்கிறது: பட்டால்தான் அறிவு. ஓர் அச்சு முறிந்த பிறகே அடுத்த அச்சு தடிமனாகும். ஒருவர் சக்கரத்தில் சிக்கிய பிறகே அடுத்தவர் விலகி நிற்பார். விதியோ, படுவதற்கு முன்பே கணக்குப் போடச் சொல்கிறது. நியூட்டனுக்கு முன்பே நமக்கு எல்லாம் தெரியும் என்று வாதிடுவோர், பெயர் தெரியாத அந்த முட்டுக்கட்டைக்காரர்கள் பட்டறிவுக்காகக் கொடுத்த விலையை மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் மேலைநாட்டாரே சொல்லித் தந்தார்கள் என்போர், அவர்கள் சேர்த்துவைத்த அறிவை மறந்துவிடுகிறார்கள்.

திருவாரூர்த் தேரோட்டத்துக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 96 அடி உயரத்தை அண்ணாந்து பார்த்துப் பரவசப்படுங்கள்; தவறில்லை. அதன்பின் ஒருகணம் குனிந்து சக்கரத்தடியையும் பாருங்கள். கையில் கட்டையோடு தேரின் வேகத்துக்கு நடந்து வருபவர் ஒருவர் அங்கே இருப்பார். திருவெறும்பூரில் வார்த்த இரும்பும், பல தலைமுறைகள் பழகிய கண்ணும் சேர்ந்தே அந்தத் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.