மலையகத் தமிழர்: பறித்த சட்டமும் மீட்ட சட்டமும்

எந்த நாட்டின் சட்டமும் ஒருவரைத் தன் குடிமகனாக ஏற்காத நிலையே நாடற்ற நிலை எனப்படும். பிறந்த மண்ணை விட்டு அசையாதவர்களுக்கும் அந்த நிலை நேரக்கூடும் என்பதற்கு இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு சான்றாகும். 19ஆம் நூற்றாண்டில், கூலியாட்களைத் திரட்டி வேலைவாங்கிய கங்காணிகளின் வழியாகத் தமிழகத்திலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற இவர்கள், 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள்.

மறு ஆண்டே இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரும்கூடத் தம் தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கேயே பிறந்ததை நிறுவ வேண்டும் என்றது. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் பதிவின்றி நிகழ்ந்த பிறப்புகளுக்குச் சான்றிதழ் ஏது? தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயரேட்டில், தலைமுறைகளாகப் பெயர் இருந்தும் அது பிறப்புச் சான்றுக்கு ஈடாகவில்லை. பதிவின் மூலம் உரிமை வழங்குவதாகக் கூறிய 1949ஆம் ஆண்டுச் சட்டமோ தொடர்ச்சியான வதிவிடத்துக்கு ஆதாரம் கேட்டது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டும் 1,34,000 பேர் அளவிலேயே ஏற்கப்பட்டனர். 1949இலேயே வாக்குரிமையும் பறிபோனது. அதை எதிர்த்த வழக்கும் 1953இல், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சிலில் தோற்றது. வாக்கும் கடவுச்சீட்டும் அரசுப்பணியும் எட்டாதவர்களாக, தோட்ட வேலையையும் லயத்து அறையையும் விட்டால் போக்கிடமில்லாதவர்களாக அவர்கள் ஆயினர்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதலைப் பெறாமலே செய்யப்பட்ட இந்தப் பங்கீடு குடும்பங்களைப் பிரித்ததோடு, 1984இல் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் நின்றபோது அரைகுறையாகவும் நின்றது.

இலங்கையின் 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஓரளவு தீர்வளித்தபின், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே அடிப்படையை மாற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்களே என அறிவித்த அச்சட்டம், மூதாதையரின் பிறப்பிடத்தை நிறுவும் சுமையை நீக்கி, உறுதியுரைப் படிவத்தையே போதுமானதாக்கியது.

இலங்கை உள்நாட்டுப் போரால் தமிழகம் வந்து அகதி முகாம்களில் வாழும் மலையகத் தமிழரின் நிலை வேறு. நாடற்றோரின் தகுநிலை குறித்த 1954ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையிலும், நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இந்தியா இணையவில்லை. உரிய ஆவணமின்றி நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி எனக் கருதும் வரையறை, பதிவின் மூலம் குடியுரிமை பெறுவதற்குத் தடையாக நிற்கிறது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவர்கள் விண்ணப்பிக்க வழிசெய்து, அதைப் பரிசீலிக்கும் பொறுப்பை ஒன்றிய அரசிடம் விட்டது. இலங்கை 2003இல் செய்ததுபோல், ஆவணத்தைத் திரட்டும் சுமையை அது இல்லாதவர் தலையிலிருந்து இறக்கும் சட்டமே இங்கும் முழுமையான தீர்வாக முடியும்.