குதுப் மினார் படிக்கட்டும் பொதுமக்கள் பாதுகாப்பும்

கட்டடக்கலை வரலாற்று நூல்கள் தூணையும் கூரையையும் சிற்பத்தையும் விரிவாகப் பேசுகின்றன. படிக்கட்டைப் பற்றிச் சில வரிகளே கிடைக்கின்றன. எனினும் ஒரு கட்டடம் எத்தனை பேருக்காக எழுப்பப்பட்டது என்பதை அதன் படிக்கட்டே தெளிவாகக் காட்டும். படிக்கட்டின் பாதுகாப்பு அதன் உறுதியை மட்டுமன்றி, அதில் ஒரே நேரத்தில் செல்வோரின் தொகையையும் பொறுத்தது என்பதைத் தில்லி குதுப் மினாரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கோபுரத்தின் அமைப்பு

குத்புதீன் ஐபக் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இக்கோபுரத்தை இல்துத்மிஷ் உயர்த்திக் கட்டினார். பின்னர் இடி தாக்கிச் சிதைந்த மேற்பகுதியை 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்டார். இதன் உயரம் 72.5 மீட்டர். அடியில் 14.32 மீட்டராக உள்ள விட்டம் உச்சியில் 2.75 மீட்டராகக் குறுகுகிறது. உள்ளே 379 படிகள் சுழன்று ஏறுகின்றன.

சுழற்படியின் மிதிபரப்பு வெளிச்சுவரை ஒட்டி அகன்றும் நடுத்தூணை ஒட்டிக் குறுகியும் இருக்கும். ஏறுவோரும் இறங்குவோரும் எதிர்ப்படும்போது ஒரு சாரார் குறுகிய பக்கத்திற்கு ஒதுங்க நேர்கிறது. அங்குப் பாதம் முழுமையாகப் பதிவதில்லை. தொழுகைக்கு அழைப்போர், காவலர் என ஒருசிலர் ஏறி இறங்குவதற்கு இவ்வமைப்பு போதுமானது. பிற்காலத்தில் கோபுரம் சுற்றுலாத் தலமாயிற்று. ஏறுவோர் தொகை பெருகியது. படிகளோ பழைய அளவிலேயே நின்றன.

1981ஆம் ஆண்டு விபத்து

1981 டிசம்பர் 4 அன்று படிக்கட்டின் மின்விளக்குகள் அணைந்தன. இருளில் அச்சமுற்ற கூட்டம் வாயிலை நோக்கி முண்டியடித்ததில் 45 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளி மாணவர். படிகள் இடிந்து விழவில்லை. கல் எதுவும் பெயரவில்லை. ஒளியின்மையும் நெரிசலும் மாற்றுவழி இன்மையுமே உயிர்களைப் பறித்தன. அதன்பின் கோபுரத்தினுள் பொதுமக்கள் ஏறுவது நிறுத்தப்பட்டது.

அளவு விதிகள்

தமிழில் ‘படி’ என்னும் சொல் ஏறும் படியையும் முகத்தலளவையையும் குறிக்கும். கட்டடக்கலையிலும் படி அளவோடு பிணைந்ததே. இரு படிகளின் உயரத்தோடு ஒரு மிதிபரப்பின் அகலத்தைக் கூட்டினால் ஒரு நடையடியின் நீளம் வரவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் பிரான்சுவா புளோண்டெல் வகுத்தார். அவர் கொண்ட அளவு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 65 செ.மீ. ஆகும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேற்படாமலும் மிதிபரப்பு 25 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவுகளைப் புளோண்டெல் முறையில் கூட்டினால் 63 செ.மீ. வருகிறது.

இவ்விதி தனிமனிதரின் கால் இடறாமல் காக்கும். கூட்டத்தைக் காப்பதற்கு அது போதாது. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிக்கட்டில் நேர்ந்த நெரிசலில் 23 பேர் இறந்தனர். அது சுழற்படியும் அன்று, இருண்ட வழியும் அன்று. கூட்டத்தின் அளவுக்கேற்ற அகலமும் தடையற்ற வெளியேறு வழியும் இன்றியமையாதன என்பதை இந்நிகழ்வு உறுதிப்படுத்துகிறது.

முடிவுரை

ஒரு கட்டடத்தின் பயன்பாடு மாறும்போது அதன் படிக்கட்டின் கொள்ளளவும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும். பழஞ்சின்னங்களில் படிகளை இடித்து அகலப்படுத்த இயலாது. ஆதலின் ஏறுவோர் தொகையை வரையறுத்தல், மின்தடையிலும் அணையாத விளக்கு அமைத்தல், ஏறுவோரையும் இறங்குவோரையும் வெவ்வேறு நேரத்தில் அனுமதித்தல் ஆகியனவே தக்க வழிகள். இவை இயலாத இடத்தில் வாயிலை மூடிவைத்தலே முறை. எட்டு நூற்றாண்டு நிலைத்த கல்லின் உறுதி, அதில் ஏறும் குழந்தையின் பாதுகாப்பிற்கு உறுதியாகிவிடாது.