கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

வளைகுடாவில் வேலை செய்யும் ஒரு வாப்பா, ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் பணம் அனுப்பினார். பாடத்துக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும், ஹாலில் உள்ள டிவியில் இணைத்தால் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கவும் ஆகும் என்பது அவருடைய எண்ணம். கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலை மகன் நம்மிடம் கொண்டுவந்து காட்டினான். விலை கூடிய ஐ7 ப்ராசஸர், கண்ணாடி முகப்புள்ள கேபினட், வண்ண விளக்கு எரியும் நான்கு ஃபேன்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு மிஞ்சிய பணம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. கடைசி வரியில் 'எஸ்.எம்.பி.எஸ். 500 வாட்' என்று மட்டும் இருந்தது. கம்பெனிப் பெயரும் இல்லை, உத்தரவாதக் காலமும் இல்லை. கேட்டதற்கு, "அது கேபினட்டோடு சேர்ந்தே வரும்" என்றார்களாம்.

வாப்பா அனுப்பிய தொகை போதுமானதுதான். ஆனால் அதைப் பங்கிட்ட வரிசை தலைகீழாக இருந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கும் பெயர் பெற்றதற்கும் முதலில் பணம் போய்விட்டது. வேலை செய்யும் பாகத்துக்கும் மற்றவற்றைக் காப்பாற்றும் பாகத்துக்கும் கடைசியில் மிஞ்சியது கிடைத்தது. சரியான வரிசை எது என்பதை ஒவ்வொரு பாகமாகப் பார்ப்போம். விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, காரணங்களை மட்டும் சொல்கிறோம்.

முதலில் திரை

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பதாகத்தான் இருக்கும். நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தத் திரையில் விளையாடப் போகிறோம் என்பது.

ஃபுல் ஹெச்.டி. திரையில், 1920க்கு 1080 என்ற அளவில், ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 83 லட்சம், அதாவது ஃபுல் ஹெச்.டி.யைப் போல் 4 மடங்கு. விளையாட்டு ஓடும்போது இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ கிராஃபிக்ஸ் கார்டு புதிதாக வரைய வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டின் செலவும் ஏறும். நடுத்தரக் குடும்பத்தின் முதல் கம்ப்யூட்டருக்கு ஃபுல் ஹெச்.டி. திரையே போதும்.

வீட்டில் 4கே டிவி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு விளக்கம். 4கே வீடியோ பார்ப்பது கம்ப்யூட்டருக்குப் பெரிய பாரமல்ல. அதற்கென்றே தனிச் சுற்று இன்றைய ப்ராசஸருக்குள் இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸிலும் உண்டு. 4கேயில் விளையாடுவதுதான் பாரம். எனவே டிவியில் பார்ப்பதை 4கேயிலும், விளையாடுவதை 1080பியிலும் வைத்துக்கொள்ளலாம். விளையாடும்போது டிவியில் 'கேம் மோட்' போட்டால், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதம் குறையும். ஹெச்.டி.எம்.ஐ. 2.0 வழியாக 4கே படம் நொடிக்கு 60 முறை வரை வரும். 120 முறை வேண்டுமானால் டிவி, கார்டு இரண்டிலும் ஹெச்.டி.எம்.ஐ. 2.1 இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிராஃபிக்ஸ் கார்டு

விளையாட்டு எவ்வளவு சீராக ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தப் பாகம். மானிட்டரை நீக்கிவிட்டு மொத்தத் தொகையில் 35 முதல் 40 சதவீதம் வரை இதற்கு ஒதுக்குவது நியாயமான கணக்கு. கார்டில் உள்ள நினைவகத்தையும் பார்க்க வேண்டும். 2023-இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டில் 8 ஜி.பி. நினைவகம் உண்டு. ஃபுல் ஹெச்.டி.க்கு அது தாக்குப்பிடிக்கும். புதிய பெரிய விளையாட்டுகளில் காட்சித் தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பி. நெருக்கடி தருகிறது. நாலைந்து ஆண்டு ஓட வேண்டும் என்றால், பணம் இடம்கொடுக்கும்போது 12 அல்லது 16 ஜி.பி. உள்ளதை நாடலாம்.

இந்தக் கார்டை வாங்கிப் பொருத்திய பிறகும் சில வீடுகளில் விளையாட்டு திக்கித் திணறும். மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் உள்ள துளையில் செருகியிருப்பார்கள். கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள துளையில்தான் செருக வேண்டும்.

மூன்றாவது, ப்ராசஸரும் மதர்போர்டும்

ஐ7 என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஐ3, ஐ5, ஐ7 என்பது வகை. அதன் பின்னால் வரும் எண்ணில்தான் எத்தனையாவது தலைமுறை என்பது இருக்கிறது. 4-ஆம் தலைமுறை ஐ7-ஐ விட 12-ஆம் தலைமுறை ஐ5 எத்தனையோ வேகமானது. பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களை வண்ண கேபினட்டில் போட்டு 'கேமிங் பி.சி.' என்று விற்பவர்களும் உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசைக்கும் முந்தையவற்றில் விண்டோஸ் 11-ஐ நிறுவ மைக்ரோசாஃப்ட்டின் முறையான ஆதரவு இல்லை.

ஃபுல் ஹெச்.டி. விளையாட்டுக்கு 6 கோர் உள்ள இன்றைய ப்ராசஸர் போதும். எண்ணுக்குப் பின்வரும் எழுத்தையும் பாருங்கள். இன்டெலில் 'எஃப்' என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ஏ.எம்.டி.யில் 'ஜி' என்றால் உள்ளேயே ஓரளவு வலுவான கிராஃபிக்ஸ் உண்டு. கார்டுக்கு இப்போது பணம் இல்லை, அடுத்த ஆண்டு வாங்கலாம் என்பவர்களுக்கு 'ஜி' வகை நல்ல வழி.

மதர்போர்டில் கவனிக்க வேண்டியது சாக்கெட். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் பொருந்தின. 2024-இல் வந்த அடுத்த வரிசைக்குச் சாக்கெட்டே மாறிவிட்டது. ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 சாக்கெட் 2022-இல் வந்தது, அதில் டி.டி.ஆர். 5 ரேம் மட்டுமே பொருந்தும். பிறகு ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால், தொடர்ந்து புதிய ப்ராசஸர் வந்துகொண்டிருக்கும் சாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது லாபம்.

ரேமும் சேமிப்பும்

ரேம் 16 ஜி.பி. வேண்டும். ஒரே 16 ஜி.பி. துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி. துண்டுகளாக வாங்கினால், இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தகவல் ஓடும். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி விளையாடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தானாக வந்துவிடாது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். அசெம்பிள் செய்பவரிடம் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சேமிப்புக்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. போட வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்.பி. வரை படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 எம்.பி.; சாதாரண என்.வி.எம்.இ.யே 3,000 எம்.பி.யைத் தாண்டும். இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவும் ஒவ்வொன்றும் 100 ஜி.பி.க்கு மேல் இடம் கேட்பதால், 500 ஜி.பி. சீக்கிரம் நிரம்பிவிடும். 1 டி.பி. இருந்தால் நிம்மதி. வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் குடும்பப் படங்களின் கூடுதல் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்: எஸ்.எம்.பி.எஸ்.

மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கெடும்போது தன்னை அணைத்துக்கொள்ளும். மட்டமானது கெடும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், ப்ராசஸரும் கார்டும் கேட்கும் 12 வோல்ட் வழியில் அது எவ்வளவு தரும் என்பதே கணக்கு. அந்த அளவு பக்கவாட்டில் உள்ள அட்டவணையில் ஆம்பியரில் இருக்கும். 12-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட் எடுக்கும். 6 கோர் ப்ராசஸர், மதர்போர்டு, ஃபேன் எல்லாம் சேர்ந்தும் மொத்தம் 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 550 வாட். எனவே பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் போதும். 850 வாட் வாங்குவது வீண் செலவு. '80 பிளஸ்' முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் பாகங்களுக்குப் போய்ச் சேரும் என்பதைச் சொல்கிறது. பாதுகாப்புக்கு அந்த முத்திரை மட்டும் போதாது. மின்னழுத்தம் கூடினாலும் ஷார்ட் ஆனாலும் தானே அணையும் வசதியும், குறைந்தது 5 ஆண்டு உத்தரவாதமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்த மூன்று விஷயங்கள். சுவர் பிளக்கில் எர்த் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேபினட்டைத் தொட்டாலே கூச்சமாக ஷாக் அடிக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அது கம்ப்யூட்டரை அணைக்க அவகாசம் தருவதற்கு, விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களே கரண்ட் மாறும் நொடியில் அணைந்துவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

மின்கட்டணத்தையும் கணக்கிடலாம். 300 வாட் வீதம் தினம் 3 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், இந்த 54 யூனிட் நம் வீட்டை அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றுமா என்று பழைய ரசீதை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேபினட்

நம் ஊர்க் கோடையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருந்தால் காற்று உள்ளே போக வழியில்லை. சூடு ஏறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலைபோல் துளைகள் உள்ள கேபினட், முன்னால் காற்றை இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று, கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டி ஆகியவை போதும். ஹாலில் வைக்கப்போகும் கம்ப்யூட்டர் என்றால், மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்கள் சத்தத்தையும் குறைக்கும்.

பில், உத்தரவாதம், பழைய பாகம்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் குறித்த ஜி.எஸ்.டி. பில் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் கார்டு வாங்கிவரச் சொல்வது நம் குடும்பங்களில் வழக்கம். அந்த உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செல்லாவிட்டால், பழுதாகும்போது அதைத் திரும்ப விமானம் ஏற்ற வேண்டியிருக்கும்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. பழைய கார்டு வாங்குவதாக இருந்தால், அரை மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டு, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் நேரில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் உரிமத்தின் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். திருட்டுப் பிரதியில் பிறர் உரிமையும் போகிறது, வைரஸும் வருகிறது.

திருத்திய பட்டியல்

அந்தப் பையனின் பட்டியலுக்கே வருவோம். ஐ7-க்குப் பதில் 6 கோர் ப்ராசஸர் போட்டோம். கண்ணாடி கேபினட்டும் வண்ண ஃபேன்களும் போய், வலை முகப்புள்ள சாதாரண கேபினட் வந்தது. அதில் மிஞ்சிய பணத்தில், 5 ஆண்டு உத்தரவாதமுள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் முன்பு எழுதியிருந்ததைவிட ஒருபடி மேலான கிராஃபிக்ஸ் கார்டும் அடங்கின. மொத்தத் தொகை ஏறவில்லை. விளக்கு எரியாதே என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "வாப்பாவிடம் இந்தப் பட்டியலையே அனுப்பு, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தையும் நீயே எழுது" என்றோம். அன்று இரவே எழுதி அனுப்பிவிட்டான்.